பரத்பூரின் காட்டு வாத்துகள்

மன்னர்களின் முடிசூட்டு விழாவும் போர்க்களமும் உடன்படிக்கையும்தாம் வரலாறு என்று நம்மில் பலர் எண்ணுகின்றோம். முப்பத்தைந்து ஆண்டுகள் பள்ளியில் வரலாறு கற்பித்த நானும் நெடுநாள் அவ்வாறே எண்ணியிருந்தேன். நீரில் மிதக்கும் ஒரு பறவைக்கும் வரலாறு உண்டு. உழவனின் மதகும் வேட்டைக்காரனின் துப்பாக்கியும் அந்த வரலாற்றை எழுதுகின்றன என்பதை எனக்கு உணர்த்தியவன் என் மாணவன் ஒருவன். அவன் கேட்ட இரண்டு கேள்விகளை முன்வைத்தே இன்று உங்களுடன் பேச விரும்புகிறேன்.

1988ஆம் ஆண்டின் அரையாண்டு விடுமுறையில் மாணவர் இருபத்திருவரை வடநாட்டுச் சுற்றுலாவிற்கு அழைத்துச் சென்றேன். ஆக்ராவையும் பத்தேபூர் சிக்ரியையும் கண்ட பின்னர், அருகிலுள்ள பரத்பூருக்குச் சென்றோம். ராஜஸ்தான் மாநிலத்தின் கிழக்குக் கோடியில் உள்ள ஊர் அது. அங்கே கேவலாதேவ் என்னும் சிவன் கோயிலைச் சூழ்ந்து, ஏறத்தாழ 29 சதுர கிலோமீட்டர் பரப்பில், ஏரியும் புல்வெளியும் முட்காடுமாகப் பரந்து கிடக்கிறது உலகப் புகழ்பெற்ற பறவைப் பூங்கா. கோயிலுக்கு அருகே கல்லில் பொறித்த ஒரு பட்டியலைக் கண்டோம். அரசர் கட்டிய சத்திரங்களின் பட்டியலோ, வென்ற போர்களின் பட்டியலோ என்று நெருங்கிப் பார்த்தால், அது கொன்ற பறவைகளின் கணக்கு! நாள், விருந்தினர் பெயர், துப்பாக்கிகளின் எண்ணிக்கை, வீழ்ந்த பறவைகளின் தொகை என்று வரிசை வரிசையாக வெட்டி வைத்திருந்தனர்.

என்னுடன் வந்தவர்களுள் ஏரிக்கரைக் கிராமம் ஒன்றில் பிறந்த உழவர் வீட்டுப் பிள்ளை ஒருவன் இருந்தான். அந்தக் கல்லை நெடுநேரம் படித்துவிட்டு அவன் என்னிடம் வந்தான். "ஐயா, இவ்வளவு வாத்துகளைச் சுட்டவர்கள்தாமே இந்த ஏரியைக் கட்டியவர்கள்? அப்படியானால் அவர்கள் வாத்துகளுக்கு நல்லவர்களா, கெட்டவர்களா?" என்று கேட்டான். "அது கொடுமையான காலம், தம்பி. இப்போது வேட்டையும் இல்லை; ஆடுமாடும் உள்ளே வருவதில்லை. பறவைகள் நிம்மதியாக இருக்கின்றன" என்று விடை சொன்னேன். அவன் ஏரியை ஒருமுறை பார்த்தான். நீர்ப்பரப்பின் பெரும் பகுதியைப் பச்சைப் புல் பாய் விரித்தாற்போல் மூடியிருந்தது. "எங்கள் ஊர் ஏரியில் எருமை மேய்ந்து கலக்கிய இடத்தில்தான் ஐயா, வாத்து வந்து இறங்கும். இங்கே எருமையே இல்லையே, அதனால்தான் புல் இப்படி மண்டிவிட்டதா?" என்று மீண்டும் கேட்டான். வண்டிக்கு நேரமாயிற்று என்று சொல்லி அவனை அடக்கிவிட்டேன்.

முதற் கேள்விக்கு நான் சொன்ன விடை அரைகுறையானது. இரண்டாம் கேள்விக்கோ நான் விடையே சொல்லவில்லை. அந்தக் கடனைத் தீர்ப்பதே இன்றைய பேச்சின் நோக்கம்.

முதலில் காட்டு வாத்தின் இயல்பைச் சிறிது அறிந்துகொள்வோம். நம் நாட்டில் ஆண்டு முழுதும் தங்கும் வாத்துகளும் உண்டு; குளிர்காலத்தில் மட்டும் வந்து செல்லும் வாத்துகளும் உண்டு. ஊசிவால் வாத்து, கிளுவை, நீலச்சிறகி, தட்டைவாய் வாத்து முதலியவை இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. சைபீரியாவிலும் மத்திய ஆசியாவிலும் நீர்நிலைகள் உறையத் தொடங்கும்போது அவை தெற்கு நோக்கிப் புறப்படுகின்றன. பட்டைத்தலை வாத்து என்னும் பெருவாத்து இமயத்தையே கடந்து வருகிறது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் 1960களில் பரத்பூரில் பறவைகளைப் பிடித்துக் காலில் வளையமிட்டு விடுத்தனர். அவ்வாறு வளையமிட்ட வாத்துகள் சில அன்றைய சோவியத் நாட்டின் தொலைதூரப் பகுதிகளில் அகப்பட்டன. பறவைகளின் வழித்தடத்தை ஐயமின்றி அறிய அந்தச் சிறு வளையங்கள் பெருந்துணை புரிந்தன.

இவ்வாறு வரும் வாத்துகளுள் பல, ஆழ்ந்த நீரில் மூழ்கி இரை தேடுபவை அல்ல. தலையை நீருக்குள் செலுத்தி, வாலை மேலே தூக்கி, அடிச்சேற்றில் கிடக்கும் விதையையும் கிழங்கையும் புழுவையும் அரித்துத் தின்பவை. ஆகவே அவற்றிற்கு வேண்டிய ஆழம் ஒரு சாண், மிஞ்சினால் ஒரு முழம். நீர் மிகுந்தால் அடிச்சேறு எட்டாது. நீர் வற்றினால் இரை கிட்டாது. இறங்குவதற்கும் எழுவதற்கும் செடிகொடி மூடாத திறந்த நீர்ப்பரப்பும் வேண்டும். இத்துடன், பகலில் அஞ்சாமல் ஓய்வெடுக்க ஓர் இடமும் வேண்டும். ஏற்ற ஆழம், இரை, அச்சமின்மை ஆகிய மூன்றும் கூடிய இடத்தையே வாத்து நாடும். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் வேற்றிடம் தேடும். இந்த மூன்றையும் ஆக்குவதும் அழிப்பதும் பெரும்பாலும் மனிதனின் கையிலேயே உள்ளன. இதனை மனத்தில் இருத்திக்கொண்டு பரத்பூரின் வரலாற்றைக் காண்போம்.

பரத்பூர் ஏரி இயற்கை தந்த ஏரி என்று சொல்வதற்கில்லை. அங்கே இயற்கை தந்தது ஒரு பள்ளம் மட்டுமே. கம்பீர், பாணகங்கை என்னும் ஆறுகளின் வெள்ளம் மழைக்காலத்தில் அந்தப் பக்கமாகப் பரவும். 18ஆம் நூற்றாண்டில் பரத்பூரை ஆண்ட ஜாட் மன்னர் சூரஜ்மல், அஜான் என்னும் இடத்தில் அணைக்கரை எழுப்பினார். வெள்ளத்திலிருந்து ஊரைக் காப்பதும், தேங்கும் நீரைப் பாசனத்திற்குப் பயன்படுத்துவதும் அதனால் விளைந்த நன்மைகள். கரைக்கு மண் எடுத்த இடம் மேலும் பள்ளமாயிற்று. மழை நீர் அங்கே தங்கிற்று. சுற்றிலும் காடு வளர்ந்தது. அடர்ந்த காடு என்னும் பொருளில் மக்கள் அதனைக் 'கானா' என்று வழங்கினர். ஊரார் அங்கே ஆடுமாடு மேய்த்தனர், விறகு பொறுக்கினர், புல் அறுத்தனர். ஆக, அந்த நிலம் முதலில் உழவனுக்கும் ஆயனுக்கும் உரிய நிலமாகவே இருந்தது.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அதற்குப் புதியதொரு பயன் ஏற்பட்டது. ஆங்கிலேய வைசிராய்களையும் படைத்தலைவர்களையும் விருந்தினராக அழைத்து மகிழ்விப்பது சமஸ்தான மன்னர்களின் வழக்கம் அன்றோ? சில சமஸ்தானங்களில் புலி வேட்டை அதற்குப் பயன்பட்டது. பரத்பூரில் இருந்ததோ வாத்து. ஆகவே அந்தப் பள்ளத்தில் சிறு சிறு கரைகள் எழுப்பி, அதனைப் பல பாத்திகளாகப் பகுத்தனர். வாய்க்கால் வெட்டி, மதகுகள் அமைத்து, அஜான் அணையின் நீரை வேண்டும்போது வேண்டும் அளவு உள்ளே விட ஏற்பாடு செய்தனர். நெல்வயலில் நீர் கட்டும் உழவன் எவ்வாறு மடை திறந்து மடை அடைத்து ஆழத்தைச் சீராக வைப்பானோ, அவ்வாறே வாத்துக்கு ஏற்ற ஆழத்தில் நீரை நிறுத்தி வைத்தனர். உழவுக் கலையும் வேட்டை விருப்பமும் கூடிச் சமைத்த ஏரி என்றே அதனைச் சொல்ல வேண்டும்.

1902ஆம் ஆண்டு கர்சன் பிரபு அங்கே வேட்டையாடினார். 1916இல் செம்ஸ்போர்டு பிரபு வந்தபோது 50 துப்பாக்கிகள் ஒரே நாளில் 4,206 பறவைகளை வீழ்த்தின. 1938ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் லின்லித்கோ பிரபுவின் கூட்டத்தார் 39 துப்பாக்கிகளால் 4,273 பறவைகளைச் சுட்டுத் தள்ளினர். துப்பாக்கி ஒன்றுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட பறவைகள்! உணவுக்காக நடந்த வேட்டை அன்று அது. எண்ணிக்கைக்காக நடந்த வேட்டை. அதனைக் கொடுமை என்று நான் என் மாணவனிடம் சொன்னதில் பிழையில்லை.

ஆயினும், இத்தனை கொலைக்குப் பின்னரும் அடுத்த ஆண்டும் வாத்துகள் அங்கே வந்தன. அதற்கு அடுத்த ஆண்டும் வந்தன. இதற்குக் காரணம் என்ன? இங்கேதான் வேட்டையின் முறையைக் கவனிக்க வேண்டும். பெரிய வேட்டை ஆண்டில் சில நாள்களே நடந்தது. ஏனைய நாள்களில் அந்த ஏரியில் வேறு எவரும் சுடாதவாறு சமஸ்தானத்தின் காவல் இருந்தது. மன்னரின் வேட்டைக்காக வைத்த காவல்தான். வாத்தின் மேல் கொண்ட இரக்கத்தால் வைத்தது அன்று. எனினும் அதன் பயனை வாத்து பெற்றது. சுடும் நாளில் வெடியோசை கேட்டு வானத்தில் கூட்டம் கூட்டமாகச் சுற்றி அலைந்த பறவைகள், ஓசை அடங்கியதும் பழைய இடத்தில் இறங்கின. ஏனெனில் அங்கே நீர் குறையவில்லை, இரை குறையவில்லை, மறுநாள் வெடியும் இல்லை.

இதற்கு மாறாக, நாள்தோறும் சிறுகச் சிறுக வேட்டை நடக்கும் இடங்களில் வாத்தின் நடத்தையே மாறிவிடுகிறது. இதனைப் பல நாடுகளில் ஆராய்ந்துள்ளனர். பிரான்சு நாட்டின் தென்கோடியில், ரோன் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் காமார்க் என்னும் சதுப்பு நிலம் உள்ளது. அங்கே குளிர்காலத்தைக் கழிக்கும் வாத்துகள் பகல் முழுதும் காவலுள்ள திறந்த நீரில் ஒன்றாகக் கூடி உறங்கியும் இறகு கோதியும் பொழுது போக்குகின்றன. இருள் சூழ்ந்ததும் வெவ்வேறு சேற்று நிலங்களுக்குப் பறந்து சென்று இரவெல்லாம் மேய்கின்றன; விடியுமுன் திரும்பிவிடுகின்றன. இரவில் மேய்வது வாத்தின் இயல்பிலேயே ஓரளவு உள்ளதுதான். ஆனால் பகலில் துப்பாக்கிக்கு அஞ்ச நேர்ந்தால் அந்த இயல்பு வழக்கமாக முற்றிவிடுகிறது. துப்பாக்கி எட்டும் தொலைவை வாத்து விரைவில் கற்றுக்கொள்கிறது. நடந்து வரும் மனிதனைக் கண்டால் எவ்வளவு தொலைவில் எழுந்து பறக்க வேண்டும் என்பதையும் அனுபவத்தால் அறிந்துகொள்கிறது. வேட்டையில்லாத ஏரியில் மனிதனை அண்ட விடும் அதே பறவை, வேட்டையுள்ள ஏரியில் வெகு தொலைவிலேயே எழுந்து பறந்துவிடும்.

உழவும் அவ்வாறே வாத்துக்குப் பாடம் கற்பிக்கிறது. அறுவடையான வயலில் உதிர்ந்த மணிகள் வாத்துக்கு நல்ல உணவு. மனிதன் நெல்லும் கோதுமையும் பயிரிட்டதால், சதுப்பு நிலத்து விதைகளை மட்டும் நம்பியிருந்த பறவைக்கு வயலும் ஒரு மேய்ச்சல் நிலமாயிற்று. பட்டைத்தலை வாத்து குளிர்காலப் பயிரின் இளந்தளிரையே மேயும். பகலில் உழவன் கூவி விரட்டுவான். ஆகவே இருட்டியபின் அது வயலில் இறங்கும். இரவில் வயல், பகலில் ஏரி என்பது அதன் வாழ்க்கை முறையாகிறது. ஓர் ஊரில் என்ன பயிர், எப்போது அறுவடை, எப்போது மறு உழவு என்பவற்றைப் பொறுத்துப் பறவையின் வரவும் தங்கலும் அமைகின்றன. அறுத்தவுடன் ஆழ உழுதுவிட்டால் மணி மண்ணுக்குள் மறைந்துவிடும். நீர் கட்டிச் சில நாள் விட்டுவைத்தால் அதே வயல் வாத்துக்குப் பந்தி விரித்த கூடமாகிவிடும். இரண்டும் உழவனுக்கு அன்றாடச் செயல்களே. பறவைக்கோ அவற்றின் வேறுபாடு பெரிது.

மீண்டும் பரத்பூருக்கு வருவோம். நாடு விடுதலை பெற்றது. சமஸ்தானங்கள் இந்தியாவுடன் இணைந்தன. மன்னரின் வேட்டைக்களம் எதற்கு, அந்த நிலத்தையும் நீரையும் உழவுக்குத் தரலாகாதா என்று சுற்றுப்புற மக்கள் கேட்டனர். நிலமற்றவனும் நீரற்றவனும் அவ்வாறு கேட்பதில் குற்றமில்லை. பறவையியல் அறிஞர் சாலிம் அலி, அவ்விடத்தின் அருமையைத் தலைமை அமைச்சர் ஜவாஹர்லால் நேருவிற்கு எடுத்துரைத்து, ஏரி அழியாமல் காக்க முயன்றார். 1956ஆம் ஆண்டு அது பறவைகள் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. எனினும் வேட்டையாடும் உரிமை மகாராஜாவிடமே 1972 வரை நீடித்தது. அதன்பின் பரத்பூர் ஏரியில் வேட்டைத் துப்பாக்கி ஓய்ந்தது. 1981இல் அந்த இடம் தேசியப் பூங்கா ஆயிற்று. 1985இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலிலும் இடம் பெற்றது.

இந்தச் சிறப்புகளுக்கு நடுவே நிகழ்ந்த ஒரு துயரத்தை நாம் மறத்தல் ஆகாது. தேசியப் பூங்காவில் ஆடுமாடு மேய்தல் கூடாது என்பது சட்டம். தலைமுறை தலைமுறையாக அங்கே எருமையும் பசுவும் மேய்த்து வந்த கிராமத்தாருக்கு, 1982ஆம் ஆண்டு நவம்பர் மாதம் அந்த உரிமை மறுக்கப்பட்டது. மேய்ச்சலுக்கு மாற்று வழி எதுவும் முன்னதாகச் செய்து தரப்படவில்லை. மக்கள் எதிர்த்தனர். காவலர் துப்பாக்கிச் சூடு நடத்தினர். கிராமத்தார் சிலர் உயிரிழந்தனர். வாத்தை நோக்கிய துப்பாக்கி ஓய்ந்து பத்தே ஆண்டுகளில், வாத்தின் பெயரால் மனிதர் மீது துப்பாக்கி நீண்டது.

மாடு மேய்ந்தால் புல் அழியும், புல் அழிந்தால் பறவை வாழாது என்று கருதியே அந்தத் தடையை விதித்தனர். அறிஞர் பலரும் அவ்வாறே நம்பினர். சாலிம் அலியும் தடையை ஆதரித்தவரே. ஆனால் அறிவியலுக்கு ஒரு சிறப்பு உண்டு. நம்பியதைச் சோதித்துப் பார்ப்பதே அது. சாலிம் அலியை முதன்மையாகக் கொண்டிருந்த அதே பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம், வி. எஸ். விஜயன் தலைமையில் பரத்பூர் ஏரியின் உயிரினங்களையும் நீரையும் செடிகொடிகளையும் 1980களில் பல ஆண்டுகள் இடைவிடாது ஆராய்ந்தது. அதன் முடிவுகள் 1991இல் வெளிவந்தன. அவை எல்லாரையும் வியப்பில் ஆழ்த்தின.

எருமைகள் வெளியேறியபின் ஏரி செழிக்கவில்லை, திணறிற்று. ஈரநிலத்தில் படர்ந்து வளரும் பாஸ்பாலம் என்னும் புல், தின்பதற்கு எருமை இல்லாமையால் கட்டுக்கடங்காமல் பெருகி, திறந்த நீர்ப்பரப்பை மூடிவிட்டது. வாத்து இறங்க இடமில்லை. தலை நீட்டி அடிச்சேற்றை அரிக்க வழியில்லை. மீன்களுக்கும் இடையூறு, மீனை உண்ணும் பறவைகளுக்கும் இடையூறு. ஆயிரக்கணக்கான எருமைகள் அதுவரை அங்கே என்ன செய்துவந்தன என்பது அப்போதுதான் புலனாயிற்று. அவை புல்லைத் தின்று நீரைத் திறந்து வைத்தன. குளம்பால் மிதித்துச் சேற்றைக் கலக்கின. சாணத்தால் நீருக்கு உரமிட்டன. சம்பளமின்றி ஏரியைப் பராமரித்த பணியாளர்களையே நாம் வெளியேற்றியிருந்தோம். ஏரிக்கரையில் பிறந்த என் மாணவன் ஒரு பார்வையில் கண்டுகொண்டது இதுவே. நூல்களைப் படித்த நான் அதனைக் காணவில்லை.

அதற்காக, மாடு எவ்வளவு மேய்ந்தாலும் நன்மை என்று எவரும் முடிவு செய்துவிட வேண்டாம். கரையோரக் காட்டில் இளங்கன்றுகளை மாடு கடித்துவிடுவதும் உண்மையே. அளவு என்று ஒன்று உண்டு. இடம் என்று ஒன்று உண்டு. காலம் என்று ஒன்று உண்டு. அவற்றை ஆராய்ந்து அறியாமல் முற்றிலும் திறந்துவிடுவதும் பிழை. முற்றிலும் அடைத்துவிடுவதும் பிழை. பின்னாளில் பூங்கா அதிகாரிகளே இயந்திரங்களைக் கொண்டு புல்லை அகற்ற வேண்டியதாயிற்று. கிராமத்தார் உள்ளே வந்து புல் அறுத்துச் செல்லவும் இசைவு அளித்தனர். வறண்ட ஆண்டுகளில் சீமைக்கருவேல் முளைத்து ஏரிப்படுகையைப் பற்றிக்கொண்டபோது, அதனை வேரோடு களைந்து விறகாக எடுத்துச் செல்லும் பணியைச் சுற்றுப்புறக் கிராம மக்களிடமே ஒப்படைத்தனர். அவர்களுக்கும் பயன், ஏரிக்கும் பயன்.

புல்லின் சிக்கலைத் தொடர்ந்து நீரின் சிக்கல் வந்தது. கம்பீர் ஆற்றின் மேற்பகுதியில் பாஞ்ச்னா அணை எழுந்தது. 2004ஆம் ஆண்டு மழை குறைந்தபோது, அணையின் நீர் எங்கள் பயிருக்கே வேண்டும் என்று மேற்பகுதி உழவர் உறுதியாக நின்றனர். பூங்காவிற்கு நீர் வரவில்லை. ஏரி வறண்டது. குளிர்காலத்தில் வந்த பறவைகள் மிகச் சிலவே. வாத்துகள் வழக்கு உரைக்கவில்லை, வாதாடவும் இல்லை. நீரில்லாத ஏரியை மேலிருந்து கண்டு வேற்றிடம் நாடிச் சென்றுவிட்டன. பிற்காலத்தில் கோவர்த்தன் வடிகாலிலிருந்தும் சம்பல் ஆற்றிலிருந்தும் குழாய் வழியாக நீர் கொண்டுவர ஏற்பாடு செய்தனர். நீர் வந்த ஆண்டுகளில் வாத்துகள் திரும்பி வந்தன. ஆனால் எல்லாப் பறவைகளுக்கும் அந்த வாய்ப்புக் கிட்டவில்லை. நெடுந்தொலைவு பறந்து பரத்பூருக்கு வந்துகொண்டிருந்த வெண்ணிறச் சைபீரியக் கொக்கு 2002ஆம் ஆண்டிற்குப் பின் அங்கே காணப்படவில்லை. வரும் வழியில் பல நாடுகளில் நேர்ந்த வேட்டையும் அதன் அழிவுக்கு ஒரு காரணம். ஓர் ஏரியை மட்டும் காத்தால் போதாது. வழி நெடுகிலும் பறவைக்குப் பாதுகாப்பு வேண்டும் என்பதை அது நமக்கு உணர்த்துகிறது.

இங்கே நம் செங்கற்பட்டுப் பகுதியின் வேடந்தாங்கலைச் சிறிது நினைத்துப் பாருங்கள். அங்கே கூடு கட்டி வாழ்பவை பெரும்பாலும் கொக்கும் நாரையும் நீர்க்காகமும் கூழைக்கடாவும் போன்றவை. ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் குளிர்கால விருந்தினராக வந்து செல்கின்றன. பறவைகளின் எச்சம் கலந்த ஏரி நீர் பயிருக்கு உரமாகும் என்பதை அவ்வூர் உழவர் நெடுங்காலமாக அறிந்திருந்தனர். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளையர் படைவீரர் அந்தப் பறவைகளைச் சுட்டபோது, ஊரார் கலெக்டரிடம் முறையிட்டுப் பறவைகளைக் காக்கும் ஆணையைப் பெற்றனர். பரத்பூரில் வேட்டைக்காக வைத்த காவல், வேட்டை ஒழிந்தபின் சட்டமாக மாறி, மக்களை வெளியே நிறுத்திற்று. வேடந்தாங்கலிலோ உழவனின் தேவையே பறவைக்குக் காவலாயிற்று. பறவையின் நன்மையும் உழவனின் நன்மையும் எங்கே ஒன்றுபடுகின்றனவோ, அங்கே காவல் நிலைக்கிறது. எங்கே பிரிந்து நிற்கின்றனவோ, அங்கே பூசல் விளைகிறது.

இனி, அந்த மாணவனின் முதற் கேள்விக்கு வருகிறேன். ஏரியைக் கட்டி வாத்தைச் சுட்டவர்கள் நல்லவர்களா, கெட்டவர்களா? மனிதர் செய்யும் ஒரு செயலில் நன்மையும் தீமையும் ஒன்றாகப் பின்னிக் கிடக்கும். மன்னர் நீர் தேக்கியது வாத்துக்கு வாழ்வு. துப்பாக்கி ஏந்தியது வாத்துக்குச் சாவு. இரண்டையும் தனித்தனியே பிரித்து எடைபோடுவதே வரலாற்று மாணவனின் கடமை. கொலையைக் கண்டு மனம் நொந்து, கரையையும் மதகையும் சேர்த்து வெறுத்துவிடலாகாது. ஏரியின் அழகில் மயங்கிக் கல்லில் பொறித்த கணக்கை மறந்துவிடவும் கூடாது. அவ்வாறே, மேய்ச்சலில் தீமை உண்டு என்று கேட்ட மாத்திரத்தில், அதனால் விளையும் நன்மை எது என்று ஆராயாமல் தடை போட்டுவிடலாகாது. பழைய வழக்கம் ஒன்றை நீக்குவதற்கு முன், அது என்ன பணியைச் செய்துவருகிறது என்று கேட்டறிவது அறிவுடைமை. அதனை நூலில் மட்டும் தேடாமல், அந்த மண்ணில் வாழ்பவரிடமும் கேட்க வேண்டும்.

ஆராய்ச்சியின் முடிவைப் படித்த நாளில் அந்த மாணவனின் முகம் என் நினைவிற்கு வந்தது. அதற்குள் அவன் பள்ளிப் படிப்பை முடித்துச் சென்றுவிட்டான். சில ஆண்டுகள் கழித்து, அவன் ஊரில் நடந்த ஒரு திருமண விழாவில் அவனைக் கண்டேன். "தம்பி, பரத்பூரில் நீ கேட்டதே சரி, நான்தான் உன்னை அடக்கிவிட்டேன்" என்று சொன்னேன். அவன் வெட்கத்துடன் சிரித்தான். "எனக்கு அது மறந்தே போயிற்று ஐயா. எங்கள் ஏரிக்கு இந்த ஆண்டும் வாத்து வந்திருக்கிறது. பார்க்கிறீர்களா?" என்று கேட்டான். மாலையில் கரைமீது ஏறி நின்றோம். தாழ்ந்த நீரில் எருமைகள் சில படுத்துக் கிடந்தன. அவற்றிற்குச் சற்று அப்பால், வாலைத் தூக்கித் தலையை நீருக்குள் விட்டு, முப்பது நாற்பது ஊசிவால் வாத்துகள் அமைதியாக இரை தேடிக்கொண்டிருந்தன.

மாணவர்களே, உங்கள் ஊர் ஏரிக்கும் மார்கழி தை மாதங்களில் விருந்தினர் வந்திருக்கக்கூடும். ஒருநாள் விடியற்காலையில் சென்று பாருங்கள். எத்தனை வாத்துகள், எங்கே இறங்குகின்றன, எப்போது எழுகின்றன என்று குறித்து வையுங்கள். கரையில் மாடு மேய்ப்பவரையும் மதகைத் திறப்பவரையும் கேளுங்கள். பாடநூலில் இல்லாத ஒரு வரலாற்றை அவர்கள் உங்களுக்குச் சொல்லுவார்கள். உங்கள் ஆசிரியரிடம் அதனைக் கொண்டு சென்று கேள்வி கேளுங்கள். வண்டிக்கு நேரமாயிற்று என்று அவர் சொன்னாலும், மறுநாள் மீண்டும் கேளுங்கள்.